தலையில் அடிபட்டால் "ஒண்டுமில்ல" என்று வீட்டுக்குப் போகாதீர்கள்

(கோமாரியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், சேமலாப நிதி, வீடு, காணி என்றுதான் பேச்சு இருக்கும். இன்றைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் தலையைப் பற்றிப் பேசுகிறோம். தலையில் அடிபட்டவர் எழும்பி நிற்கிறார், நடக்கிறார், தேத்தண்ணி குடிக்கிறார், "ஒண்டுமில்ல, லேசான அடிதான்" என்று படுக்கப் போகிறார். விடியும்போது அவரை எழுப்ப முடிவதில்லை. இப்படிப் போகிற உயிர்களில் பல, பக்கத்தில் இருந்தவர்களுக்கு நாலைந்து அடையாளங்கள் தெரிந்திருந்தால் காப்பாற்றக்கூடிய உயிர்கள். அந்த அடையாளங்களைச் சொல்லித் தரத்தான் வந்திருக்கிறோம்.

எங்கள் வேலையில் தலைக்கு வரும் ஆபத்து

மலைநாட்டில் கொழுந்து மலை சரிவானது. மழைக் காலத்தில் கால் வழுக்கினால் தலை கல்லில்தான் மோதும். குளவி கலைந்தால் கூடையோடு ஓடி விழுகிறவர்கள் எத்தனை பேர்! கொட்டின இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். விழுந்ததில் தலை அடிபட்டதா என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கரையோரத்தில் தென்னை. ஏறுகிறவர் விழலாம், கீழே நிற்பவரின் தலையில் காய் விழலாம். பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற கணக்கை இங்கேயும் போட்டுப் பார்ப்போம். 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் நிலத்துக்கு வரும்போது மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும். மட்டையோடு இருக்கிற தேங்காய் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். பப்புவா நியூகினியில் மில்ன் பே மாகாண ஆஸ்பத்திரியின் 4 வருடப் பதிவுகளைப் பார்த்து, பீற்றர் பார்ஸ் என்ற வைத்தியர் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். காயப்பட்டு வார்டில் சேர்ந்தவர்களில் 2.5 வீதமானவர்கள் தேங்காய் விழுந்து காயப்பட்டவர்கள். ஆயிரம் பேரில் 25 பேர். தென்னை வளர்கிற ஊரில் இது பகிடிக்குரிய விடயமில்லை.

மூன்றாவது ஆபத்து றோட்டு. கோமாரி கொழும்பு - மட்டக்களப்பு ஏ-4 பாதையில் இருக்கிற ஊர். இரவில் மாடு படுத்திருக்கும், யானை குறுக்கே வரும். மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், ஹெல்மெட் கைப்பிடியில். உழவு இயந்திரப் பெட்டியிலும் லொறியின் பின்னாலும் ஆட்களை ஏற்றி இறக்குவது இன்றும் நிற்கவில்லை. 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டி எல்லையில் பள்ளத்தில் விழுந்தது. 20க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். இப்படியான விபத்தில் நாங்கள் இறந்தவர்களை எண்ணுகிறோம், கை கால் முறிந்தவர்களை எண்ணுகிறோம். "சிறு காயம்" என்று வீட்டுக்குத் திரும்பி, பிறகு மாதக் கணக்கில் தலையிடியோடும் மறதியோடும் இருக்கிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

எழும்பி நடந்தவர் ஏன் பிறகு விழுகிறார்?

ஒரு தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஆடும், சிரட்டை அசையாது. எங்கள் தலையும் ஏறக்குறைய அப்படித்தான். மண்டையோடு சிரட்டை மாதிரிக் கடினமானது. உள்ளே ஒரு நீருக்குள் மூளை மிதக்கிறது. தலை வேகமாக ஆடி நிற்கும்போது மூளை உள்ளே போய் இடிபடுகிறது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே காயம் வரலாம். ஆகவே இரத்தம் வரவில்லை என்பதற்காகக் காயம் இல்லை என்று முடிவெடுக்க முடியாது.

உள்ளே ஒரு இரத்தக் குழாய் கிழிந்தால் இரத்தம் கசிந்து சேரும். வயிறு என்றால் விரியும். மண்டையோடு விரியாது. சேருகிற இரத்தம் மூளையைத்தான் அமுக்கும். கொஞ்சமாகச் சேரும் வரைக்கும் ஆள் சாதாரணமாகப் பேசுவார். ஒரு அளவைத் தாண்டியதும் தலையிடி, வாந்தி, மயக்கம். இந்த இடைப்பட்ட நேரம்தான் ஏமாற்றுகிற நேரம்.

கிரிக்கெட் பார்க்கிற தம்பிமாருக்கு ஒரு பெயர் சொல்லுகிறோம்: ராமன் லம்பா, இந்திய அணிக்கு விளையாடியவர். 1998 பெப்ரவரியில் டாக்காவில் ஒரு கழகப் போட்டியில் மட்டையாளருக்கு மிக அருகில் களத்தடுப்பில் நின்றார். ஹெல்மெட் போடச் சொன்னார்கள். ஓவர் முடிய இரண்டு மூன்று பந்துதானே இருக்கிறது என்று போடவில்லை. அடித்த பந்து தலையில் பட்டது. அவர் எழும்பி, தன் காலில் நடந்துதான் மைதானத்தை விட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பியது. சத்திரசிகிச்சை செய்தும் மூன்றாம் நாள் இறந்தார்.

2009 மார்ச்சில் நடாஷா ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில நடிகை கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். சிரித்துக்கொண்டு எழும்பினார், வைத்தியம் வேண்டாம் என்றார். பிறகு தலையிடி தொடங்கியது. இரண்டாம் நாள் உயிர் போய்விட்டது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் இரத்தம் சேர்ந்ததே காரணம். பணமும் வசதியும் உள்ளவருக்கே அந்த முதல் மணித்தியாலம் தவறிவிட்டது. றோட்டுக்கு வரவே அரை மணித்தியாலம் நடக்கிற எங்கள் ஆட்களுக்கு நேரம் இன்னும் பெறுமதியானது.

எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனெற் என்ற இரண்டு வைத்தியர்கள் 1974இல் ஒரு அளவு முறையை உருவாக்கினார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பாவிக்கிறார்கள். மூன்று விடயம்தான்: கண், பேச்சு, கை கால். கண் திறப்பதற்கு 4 புள்ளி, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. முழுப் புள்ளி 15, ஆகக் குறைந்தது 3. நாங்கள் புள்ளி போடத் தேவையில்லை. அந்த மூன்றையும் பார்க்கப் பழகினால் போதும்.

கண்: தானாகத் திறக்கிறாரா, கூப்பிட்டால்தான் திறக்கிறாரா, திறக்கவே இல்லையா? பேச்சு: "இண்டைக்கு என்ன கிழமை, எங்க நிக்கிறீங்க, எப்படி விழுந்தீங்க" என்று கேளுங்கள். சரியான பதிலா, குழம்பிய பதிலா? கை கால்: "என்ர ரெண்டு விரலையும் இறுக்கிப் பிடியுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு கையும் ஒரே பலமா? பார்த்த நேரத்தையும் ஒரு துண்டில் எழுதுங்கள். "பத்து மணிக்குப் பேசினார், பத்தரைக்குக் குழம்பினார்" என்ற ஒரு வரி வைத்தியருக்குப் பெரிய உதவி.

கீழே சொல்லுகிறவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி:

- கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, அல்லது விழுந்ததே ஞாபகம் இல்லை
- தலையிடி குறையாமல் கூடிக்கொண்டே போகிறது
- திரும்பத் திரும்ப வாந்தி
- வலிப்பு
- தூக்கம் அளவுக்கு மிஞ்சி, தட்டி எழுப்பினாலும் சரியாக எழும்பவில்லை
- பேச்சு குழறுகிறது, ஆட்களை அடையாளம் தெரியவில்லை, காரணமில்லாமல் சண்டை பிடிக்கிறார்
- ஒரு பக்கக் கை அல்லது கால் சோர்கிறது, விறைக்கிறது, நடை தள்ளாடுகிறது
- ஒரு கண்ணின் பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கிறது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது
- மூக்கிலோ காதிலோ இரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி வடிகிறது
- கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலமாகக் கண்டியிருக்கிறது

கடைசி இரண்டும் மண்டையோட்டின் அடிப்பகுதி வெடித்ததைக் காட்டலாம்.

நான்கு பேரை மேலதிகமாகக் கவனிக்க வேண்டும். ஒன்று, பேசத் தெரியாத குழந்தை. விடாமல் அழுகிறதா, பால் குடிக்கவில்லையா, உச்சிக்குழி புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை மடுவத்தில் ஏணையிலிருந்து விழுந்த குழந்தையை, அழுகை நின்றது என்பதற்காகத் தாய்க்குச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டு, வயதானவர்கள். அவர்களுக்கு இரத்தம் மிக மெதுவாகச் சேரும். கிணற்றடியில் வழுக்கி விழுந்த அப்பம்மா மூன்று கிழமை கழித்துப் பெயர்களை மாற்றிச் சொல்லுவார், கால் இழுபடும். "வயசு போச்சு" என்று விடாமல் "எப்போ விழுந்தார்?" என்று யோசியுங்கள். அது சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் சரியாகிற நோய். மூன்று, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற குளிசை எடுக்கிற இதய நோயாளர். அவர்களுக்குச் சிறு அடியும் பெரிய ஆபத்து. நான்கு, குடித்திருப்பவர். வாய் மணத்தால் உறவுகளே "வெறி, படுத்தெழும்பினாச் சரி" என்று விட்டுவிடுகிறார்கள். வெறியும் மூளைக் காயமும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். பிரித்தறிய எங்களால் முடியாது. குடித்தவர் தலை அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

சிலர் பேய் பிடித்தது என்பார்கள், நாவூறு என்பார்கள். நேர்த்தியும் நூலும் அவரவர் நம்பிக்கை, அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் முதலில் ஆஸ்பத்திரி, நேர்த்தி பிறகு. தெய்வம் கோபிக்காது.

விழுந்த இடத்தில் என்ன செய்வது?

முதலில் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது எல்லா மாகாணத்திலும் ஓடுகிறது. ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்தப் பாதை, எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசலுக்குப் பக்கம், தோட்டத்தில் எந்த டிவிசன்.

ஆளைத் தூக்கி இருத்தாதீர்கள். தலை அடிபட்டவருக்குக் கழுத்து எலும்பும் முறிந்திருக்கலாம். தலையையும் கழுத்தையும் ஒரு நேராக, இரண்டு கையாலும் அசையாமல் பிடியுங்கள். ஹெல்மெட் மூச்சுக்குத் தடையாக இருந்தாலொழிய கழற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒன்றாகத் திருப்பிப் பக்கவாட்டில் கிடத்துங்கள். இதற்கு மூன்று பேர் வேண்டும். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். எலும்பு பதிந்திருந்தால் அழுத்தாமல் மேலே துணியை மட்டும் மூடுங்கள். காது மூக்கில் வடிவதை அடைக்க வேண்டாம்.

தண்ணீர், சோடா, தேத்தண்ணி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. அரை மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும், சத்திரசிகிச்சைக்கும் இடைஞ்சல். அஸ்பிரின் மாதிரி இரத்தக் கசிவைக் கூட்டுகிற குளிசை கொடுக்கக் கூடாது. தலையைக் குலுக்குவதும் கன்னத்தில் அறைவதும் வேண்டவே வேண்டாம்.

இங்கிருந்து தெற்கே பொத்துவில், வடக்கே திருக்கோவில், அதற்கப்பால் அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போவோமா என்று றோட்டில் நின்று வாதாடாதீர்கள். அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் நிலைப்படுத்தி அனுப்புவார்கள். அங்கே அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார், நினைவு தப்பியதா, என்ன குளிசை எடுக்கிறார், குடித்தாரா. பொலிசுக்குப் பயந்து "வீட்டில் வழுக்கினார்" என்று சொன்னால் வைத்தியர் தேட வேண்டியதைத் தேடாமல் விடலாம்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு

வைத்தியர் பார்த்து வீட்டுக்கு விட்டால், முதல் 24 மணித்தியாலமாவது ஒருவர் கூட இருக்க வேண்டும். நித்திரை கொள்ளவே விடக்கூடாது என்பது பழைய பேச்சு. வைத்தியர் பார்த்த பிறகு நித்திரை நல்லது. இடையில் எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் எழுப்பிப் பாருங்கள். முன்பு சொன்ன அடையாளம் ஒன்று வந்தாலும் திரும்பக் கொண்டுபோங்கள்.

உள்ளே இரத்தம் இல்லாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கும். தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, மறதி, எரிச்சல், நித்திரைக் குழப்பம் எல்லாம் சில கிழமைகளுக்கு இருக்கலாம். பெரும்பாலானவர்கள் முழுதாகச் சுகப்படுவார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக நடமாட்டம், பிறகு வேலை. சுகமாகும் முன் இரண்டாவது அடி படக்கூடாது. ஆகவே மரம் ஏறுவது, மோட்டார் சைக்கிள் ஓடுவது, கிரிக்கெட் எல்லாம் வைத்தியர் சொன்ன பிறகுதான். சர்வதேச கிரிக்கெட்டிலேயே 2019 முதல் தலை அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்க விதி வந்துவிட்டது. பெரிய வீரருக்குள்ள ஓய்வு எங்கள் தொழிலாளிக்கும் வேண்டும்.

தாய்மாருக்கு ஒரு சொல். நல்ல மனிதன் விபத்துக்குப் பிறகு எரிந்து விழுகிறான், சொன்னதை மறக்கிறான் என்றால் குணம் கெட்டுவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். அது காயத்தின் வேலையாக இருக்கலாம். கிளினிக்குக்குக் கூட்டிப்போய் அதையும் சொல்லுங்கள். பாடசாலையில் இருக்கிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விழுந்தெழும்பி வந்த பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண் கூசுகிறது என்றால், கணக்கு மறந்தது என்றால், அடிக்கவும் ஏசவும் கூடாது. அரை நாள் பாடம், இடையிடையே ஓய்வு, பெற்றோருக்கு ஒரு கடிதம். ஆசிரியர்களாக நாங்கள் செய்ய வேண்டியது அதுதான்.

உரிமையும் கடமையும்

அடிபட்டவர் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை? அறியாமை மட்டும் காரணமில்லை. போனால் பேர் விழாது, அரைப்பேரும் கிடையாது. வாகனத்துக்குக் காசில்லை. கங்காணி "நடிக்கிறான்" என்பார். ஆகவே இது சங்கத்தின் வேலை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலை நேரத்து விபத்துக்கு நட்டஈடு தருகிறது. 2022 திருத்தத்தின் பிறகு வேலைக்கு வருகிற, போகிற வழியில் நடக்கிற விபத்தும் அதற்குள் வருகிறது. ஆனால் எழுத்து வேண்டும். கை முறிந்தால் எல்லோருக்கும் தெரியும். மூளைக் காயம் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கே தோட்டப் பதிவில் எழுதாவிட்டால், இரண்டு மாதம் கழித்து வேலை செய்ய முடியாமல் போகும்போது "எப்போது விழுந்தாய்?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே ஒன்று: எவ்வளவு சிறிய அடியானாலும் அன்றே துரைக்கோ தோட்ட உரிமையாளருக்கோ எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு: பார்த்த இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். மூன்று: ஆஸ்பத்திரித் துண்டு, கிளினிக் கொப்பி, ஸ்கேன் அறிக்கை ஒன்றையும் எறியாதீர்கள். நான்கு: சங்கக் கிளைக்கு உடனே சொல்லுங்கள். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம் எழுத உதவுவது எங்கள் கடமை.

நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பதும் பெரிதில்லை. தேங்காய் பறிக்கிற நேரம் மரத்தடியை மறித்துக் கட்டுங்கள், கீழே நிற்பவருக்குத் தலைக்கவசம் கொடுங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். தலை அடிபட்டவரை அனுப்ப வாகனம் கொடுங்கள், அன்றைய பேரை வெட்டாதீர்கள். வைத்தியர் இலகுவான வேலை என்று எழுதினால் இலகுவான வேலை கொடுங்கள்.

எங்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் தலைக் காயத்தை 69 வீதமும் மரணத்தை 42 வீதமும் குறைக்கிறது என்று தெரிந்தது. பட்டியை மாட்டிப் போட்டால்தான் அது ஹெல்மெட். மாட்டாவிட்டால் விழும்போது அது ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்பதும் "இரண்டு பந்துதானே" என்பதும் ஒரே பேச்சு. முன்னால் இருத்துகிற பிள்ளைக்கும் தலை இருக்கிறது.

இந்தக் கூட்டம் முடிய முன் ஒவ்வொரு கிளையும் இரண்டு பேரின் பெயரைத் தாருங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முதலுதவிப் பயிற்சிக்கு அவர்களை அனுப்ப ஏற்பாடு செய்வோம். ஊரில் இரவிலும் வரக்கூடிய ஆட்டோ, வான் இலக்கங்களை 1990க்குக் கீழே எழுதி, கடைச் சுவரிலும் லயத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். மேலே உள்ள பத்து அடையாளங்களையும் இந்தப் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

பெயர் கொடுப்பவர்கள் முன்னால் வாருங்கள்.